மௌத்துச் செய்தியும் மீராஸ் செய்தியும்

 

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த வேளையில், மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் தம் கணவருடன் நமது பள்ளியின் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் கையில் பிளாஸ்டிக் உறையிலிட்ட பழைய கடிதம் ஒன்று இருந்தது. தலைப்பில் 786 என்னும் எண். அதன் கீழே, அண்ணனுக்குத் தம்பி எழுதியதாக, தெளிவான கையெழுத்தில் பத்துப் பதினைந்து வரிகள். அத்தா அவர்கள் ரஜப் பிறை 9இல் வஃபாத்தான செய்தி. ஜனாஸாவில் ஊரே திரண்ட செய்தி. மூன்றாம் நாள் கத்தம் ஓதிய செய்தி. மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுமாறு ஓர் ஆறுதல். எழுதப்பட்ட ஆண்டு 1953. பெறுநர் அப்பெண்மணியின் பாட்டனார்.

கடிதத்தில் குறை கூற ஒன்றுமில்லை. இல்லாத ஒன்றைத் தவிர. அத்தா விட்டுச்சென்ற வீட்டைப் பற்றியும், அதனை ஒட்டிக் கிடந்த காலி இடத்தைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் காலி இடத்தில் இன்று மூன்று மாடிப் பனியன் கம்பெனி ஒன்று வாடகைக்கு நடக்கிறது.

நம்மை உறக்கமிழக்கச் செய்தது வேறொன்று. நமது பள்ளியின் பழைய நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அதே கையெழுத்து அங்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தம்பிக்காக அன்று கடிதம் எழுதிக் கொடுத்தவர், நமக்கு முன் இதே மிம்பரில் நின்ற ஓர் இமாம். அன்னாரின் கபுரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர் சொல்லச் சொன்னதை எழுதினார், சொல்லாததைக் கேட்கவில்லை. மௌத்துச் செய்தி கடல் தாண்டியது. மீராஸ் செய்தி வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டது. இது எப்போது தொடங்கிய பழக்கம் என்று அன்று முதல் தேடிப் படித்தவற்றில் சிலவற்றையே இங்கு தருகிறோம்.

தொலைவில் நிகழ்ந்த மரணத்தை அறிவிப்பது சுன்னத்தான வழிமுறையே. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி காலமானபோது, அவர் இறந்த அன்றே நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அதனைத் தோழர்களுக்கு அறிவித்து, தொழுமிடத்திற்குச் சென்று நான்கு தக்பீர்களுடன் தொழவைத்த வரலாறு புகாரியில் உள்ளது. இதனை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸா தொழுகின்றனர். கொங்குப் பகுதியின் ராவுத்தர் பெருமக்களாகிய ஹனஃபிகள் அதனை நஜ்ஜாஷிக்கே உரிய தனிச்சிறப்பு என்று கொண்டு தொழுவதில்லை. இதில் இரு தரப்பும் நீண்ட காலமாக வாதிட்டு வந்துள்ளன. பிரிந்தவருக்காகத் தொழலாமா என்பதற்குச் செலவழித்த பேச்சில் பத்தில் ஒரு பங்கையேனும், பிரிந்திருப்பவரின் பங்கு எங்கே என்பதற்கு நாம் செலவழித்தோமா?

நாடு விட்டு நாடு சென்றவர்க்கும் வாரிசுரிமைக்கும் உள்ள தொடர்பு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்த பிரச்சினையாகும். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்தவர்கள் சொந்தங்களை விட்டு வந்தார்கள். மதீனாவில் முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் சகோதரராக்கினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அந்தச் சகோதரத்துவத்தின் பேரிலேயே ஒருவர் சொத்துக்கு மற்றவர் வாரிசாகும் நிலை சில காலம் இருந்தது. பின்னர் இரத்த உறவினரே உரியவர் என்று வசனம் இறங்கி, அம்முறை மாற்றப்பட்டது.

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி). அவருக்குச் சகோதரராகக் கிடைத்த அகதி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). என் செல்வத்தில் பாதி உமக்கு என்று முன்வந்த பெருந்தகை ஸஃது. அவர் ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் ஷஹீதானார். அந்நியருக்குப் பாதியைத் தர முன்வந்தவரின் செல்வம் முழுவதையும் அவருடைய சொந்த உடன்பிறப்பே எடுத்துக்கொண்டார். இரு பெண் மக்களுக்கு ஒன்றுமில்லை. அவர்தம் மனைவி பெருமானாரிடம் வந்து முறையிட்டார்கள். அதன் பின்னரே மீராஸ் வசனம் இறங்கியதாக திர்மிதி, அபூதாவூது ஆகிய நூல்களின் அறிவிப்பு கூறுகிறது. தீர்ப்பு: மகளிர் இருவருக்கும் மூன்றில் இரு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சகோதரருக்கு. நமது ஃபராயிள் கலையின் முதல் கணக்கே, அபகரிக்கப்பட்ட பங்கை மீட்ட கணக்குதான்.

மதரஸாவில் நாம் ஓதிய சிராஜிய்யா என்னும் நூல் இக்கலையின் தாய்நூல்களில் ஒன்று. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1792இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார்; கும்பனியாரின் நீதிமன்றங்களுக்கு அது தேவைப்பட்டது. ஒருவர் வாரிசுரிமை பெறத் தடையாகும் காரணங்களை அந்நூல் எண்ணிக் கூறும்: அடிமைத்தனம், கொலை, மதவேறுபாடு, நாட்டுவேறுபாடு. இறுதியில் கூறிய நாட்டுவேறுபாடு முஸ்லிம்களுக்கிடையே தடையாகாது என்பதை உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். ஒருவர் பினாங்கில் இருந்தாலென்ன, துபையில் இருந்தாலென்ன, தந்தையின் மூச்சு நின்ற அக்கணமே அவர் பங்கு அவருடையதாகிவிடுகிறது. அவருக்குத் தெரியவேண்டும் என்பது நிபந்தனையன்று. கணவனை இழந்தவளின் இத்தாவும் இவ்வாறே. அது மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது; செய்தி கிடைத்த நாளிலிருந்து அன்று. நான்கு மாதம் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அவள் செய்தியறிந்தால் இத்தா முடிந்துவிட்டது என்பதே ஹனஃபி சட்டம்.

ஆனால், உயிரோடிருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவரை என் செய்வது? இவரை மஃப்கூது என்பர். நம் முன்னோர் இவருக்கு வகுத்த நெறி நுட்பமானது. அவருடைய சொந்தச் சொத்தைப் பொறுத்தவரை அவர் உயிரோடிருப்பவர். எவரும் அதைப் பங்கிட இயலாது. அவருக்கு வரவேண்டிய பிறர் சொத்தைப் பொறுத்தவரை, அவர் பங்கைத் தனியே நிறுத்தி வைக்கவேண்டும். திரும்பி வந்தால் அவருக்கு. இறந்தவராகத் தீர்ப்பானால் மற்ற வாரிசுகளுக்கு. ஹனஃபி நூல்களில் பெரிதும் ஏற்கப்பட்ட கூற்றுப்படி, அவர் பிறந்து 90 ஆண்டுகள் ஆகும்வரை காத்திருக்கவேண்டும். உமர் (ரலி) அவர்கள் காணாமற்போனவரின் மனைவிக்கு நான்காண்டு தவணை வழங்கினார்கள். இமாம் மாலிக் அதனையே எடுத்துக்கொண்டார்கள். 1930களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் அல்-ஹீலத்துந் நாஜிஸா என்னும் நூலில் இம்மாலிகி வழியை இந்தியப் பெண்களின் துயர் துடைக்க ஏற்றுப் பரிந்துரைத்தார்கள். 1939இன் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் கணவன் நான்காண்டு தகவலின்றி இருத்தல் ஒரு காரணமாயிற்று.

சொத்து விஷயத்தில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் வேறு வழி சென்றன. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1884இல் மஜ்ஹர் அலி எதிர் புத் சிங் வழக்கில், 90 ஆண்டு விதி வாரிசுரிமை விதியன்று, சாட்சியம் பற்றிய விதியே என்று முடிவு செய்தது. ஆகவே 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின்படி ஏழாண்டுகள் தகவலின்றி இருப்பவரை உயிரோடிருப்பதாகக் கூறுபவரே அதனை நிரூபிக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய சாக்ஷ்ய அதிநியமும் அதே ஏழாண்டையே வைத்திருக்கிறது. ஆனால் இந்த ஏழாண்டு, தகவல் வராதவருக்கு மட்டுமே. ஆண்டுதோறும் ஈதுக்குக் கடிதம் போட்ட அண்ணனுக்கு இது பொருந்தாது!

தமிழ் முஸ்லிம்கள் மலாயாக் கரையேறியது மிகப் பழைய வரலாறு. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் சூலியர் கட்டிய ஜாமிஆ பள்ளியும் அதற்குச் சான்று. சூலியர் என்பது சோழமண்டலக் கரை முஸ்லிம்களை அங்கு அழைத்த பெயர். பினாங்கில் முஹம்மது மரைக்காயர் நூர்தீன் என்னும் பெரும் சூலிய வணிகர் எழுதிவைத்த மரணசாசனம் 1871இல் நீதிமன்றம் ஏறியது. ஷரீஅத்தின்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாசனம் செய்ய இயலாது என்பது வாரிசுகளின் வாதம். நீதிபதி ஹாக்கெட், பினாங்கில் நாட்டுச் சட்டம் ஆங்கிலச் சட்டமே, சாசனம் அதன்படியே செல்லும் என்று தீர்த்தார். பின்வந்த சட்டங்கள் இந்நிலையை மாற்றின. ஆயினும் அன்று ஒரு தமிழ் முஸ்லிம் கடல் தாண்டினால், அவர் சொத்தின் கணக்கே வேறாகிவிடக்கூடும் என்பதற்கு அவ்வழக்கு சாட்சி.

அதே 1871இல்தான் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இணைக்கப்பட்டது. வாரக்கணக்கில் கப்பலில் சென்ற செய்தி அன்று முதல் மணிக்கணக்கில் சென்றது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே மரணம் இரண்டு மூன்று சொற்களில் அடங்கிற்று. தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகுரல் எழுந்த காலத்தை நம் மூத்தோர் அறிவர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. தந்தியில் பங்குக் கணக்கை எழுத இடமில்லை என்பது நியாயமே. பின்னால் விரிவாகக் கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதத்தில் இடம் இருந்தது. எழுத மனம்தான் இல்லை.

யுத்தம் வந்து செய்தியையும் நிறுத்தியது. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் காடு மலை கடந்து நடந்தே வந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். தந்தை இங்கே ஊரில் இறந்தார், மகன் அங்கே காட்டுவழியில் இறந்தான், முந்தியவர் யார்? முந்தியவருக்குப் பிந்தியவர் வாரிசாவார். எவர் முந்தினார் என்று அறியமுடியாவிட்டால் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள், இருவரின் சொத்தும் உயிரோடிருக்கும் அவரவர் வாரிசுகளுக்கே செல்லும். சிராஜிய்யாவில் நீரில் மூழ்கியோர், தீயில் எரிந்தோர், இடிபாட்டில் மடிந்தோர் பற்றிய பாடம் இதுவே. மாணவப் பருவத்தில் இதனை ஓதியபோது, இப்படியும் நடக்குமா என்று எண்ணியதுண்டு. ஒரு பயணக் கூட்டத்துக்கே நடந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூரில் 1925இல் குலாம் காதர் என்பார் பேபி நிட்டிங் என்னும் ஆலையை நிறுவிப் பின்னலாடைத் தொழிலைத் தொடங்கியதாக ஊர் வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். அதற்கு முன் இது பஞ்சு மண்டியும் கைத்தறியுமாக இருந்த ஊர். நொய்யல் கரையில் அன்று எவரும் திரும்பிப் பாராத மேட்டு நிலம், தொழில் பெருகப் பெருகச் சதுர அடிக் கணக்கில் விலைபோகும் நிலமாயிற்று. நிலத்துக்கு மதிப்பில்லாத காலத்தில், எழுதாமல் விட்டது மறதி என்று சொல்லிவிடலாம். மதிப்பு ஏறிய பின்னும் எழுதாமல் விட்டதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது.

சட்டமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், வழக்காறுகளை ஒதுக்கி முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தையே விதியாக்கியது. ஆயினும் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டத்தால் அவ்விலக்கையும் நீக்கிற்று. மகளுக்குச் சீர் செய்தாயிற்று, இனி நிலத்தில் என்ன பங்கு என்று கேட்க, அதன் பிறகு சட்டத்திலும் இடமில்லை. நாம் கூறிவரும் கடிதம் எழுதப்பட்ட 1953க்கு நான்காண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது.

வெளிநாடு சென்றவர் விஷயத்தில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு பேச்சு உண்டு. கப்பல் செலவுக்கு அத்தா கொடுத்த பணமே அவன் பங்கு, அதோடு கணக்கு முடிந்தது என்பார்கள். தந்தை உயிரோடிருக்கும்போது அவர் சொத்தில் மகனுக்குப் பங்கென்று ஒன்றும் இல்லை; இல்லாததை விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஃபிக்ஹின் நிலையும் இதுவே. நீதிமன்றங்களின் அடிப்படை நிலையும் இதுவே. ஆனால் 1973இல் உச்சநீதிமன்றம் ஒரு நுணுக்கம் கூறியது. பிரதிபலன் பெற்றுக்கொண்டு, தனக்குப் பங்கு வேண்டாமென நடந்து, அதனைப் பிறர் நம்பிச் செயற்படும்படி செய்தவர், பின்னர் வந்து பங்கு கேட்பதினின்று தடுக்கப்படலாம் என்றது. 2011இல் கேரளத்தின் ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கிலும் அதே தீர்ப்பைப் பின்பற்றியது. ஆகவே அப்படியோர் ஏற்பாடு நிகழ்ந்ததாகக் கூறுபவர், அதற்குப் பத்திரமோ சாட்சியோ காட்டவேண்டும். இறந்துபோனவரின் வாயில் நாம் சொல்லை வைக்க முடியாது.

இன்றைய நிலை என்ன? வளைகுடாவில் இருக்கும் மகன் தந்தையின் ஜனாஸாவைக் கைபேசியில் நேரடியாகக் காண்கிறான். சில வாரங்களில் அவனுக்கொரு தாள் வருகிறது. தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பு என்கிறார்கள். அது பவர் பத்திரமா, விடுதலைப் பத்திரமா என்று பாதிப்பேர் படிப்பதில்லை. முன்னது தன் சார்பில் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் தருவது. பின்னது தன் பங்கையே கைவிடுவது. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்படவேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்றுதான் கூறும். யாருக்கு எவ்வளவு என்று கூறாது. அதில் வெளிநாட்டிலிருப்பவர் பெயர் விடுபட்டால், அவர் இறந்தவரினும் கீழாகிவிடுகிறார்.

நம் ஊரே இன்று பிறருக்குப் பினாங்காகிவிட்டதையும் சொல்லவேண்டும். பீகாரிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர், 2020 ஊரடங்கின்போது தம் தந்தையின் மௌத்துச் செய்தியைக் கைபேசியில் கேட்டுவிட்டு நம்மிடம் வந்தார். இரயில் இல்லை; போக வழியில்லை. துஆ செய்தோம். பின்னர், அத்தாவுக்கு நிலம் உண்டா, உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று கேட்டோம். அழுதுகொண்டிருந்தவர் திகைத்து நம்மைப் பார்த்தார். அந்நேரத்தில் கேட்டது முறையா என்று இன்றும் நமக்கு ஐயமே. ஆனால் அந்நேரத்தில் கேட்காவிட்டால் பிறகு எவரும் கேட்பதில்லை.

பினாங்கிலிருந்து வந்த பெண்மணியின் விஷயத்துக்காக முத்தவல்லியும் கமிட்டியாரும் நான்கு முறை அமர்ந்தார்கள். ஊரிலிருந்த தம்பியின் மக்கள் இருவரும் வந்தார்கள். மூத்தவர் அமைதியாகக் கேட்டார். இளையவர், எழுபது வருடம் கழித்து வந்து கேட்டால் கோர்ட்டிலே நிற்குமா என்றார். நியாயமான கேள்வி. கூட்டுப் பங்காளிகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலுமே என்பது பொது விதி. ஆயினும் மற்றவரை வெளிப்படையாக விலக்கி வைத்து 12 ஆண்டு கடந்தால் சட்டம் வேறு பேசக்கூடும், அதனை வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும் என்றோம். உதுமானிய ஆட்சியில் ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த மஜல்லா நூலும் பொதுவாக 15 ஆண்டுக்குப் பின் வழக்கை விசாரிக்க வேண்டாமென்கிறது. ஆனால் அதே நூலின் 1674ஆம் விதி, காலம் கடப்பதால் ஹக்கு அழிவதில்லை என்றும் கூறுகிறது. காஸியின் கதவு மூடலாம், கடன் கடனே. கப்பல் செலவைப் பற்றியும் பேச்செழுந்தது. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை.

பிறகு கணக்குப் போட்டோம். 1953இல் அத்தா விட்டுச் சென்றது மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு பெண். சொத்து 40 பங்கு: மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. பின்னர் அந்த அம்மையாரும் காலமானார்கள். அவர்களின் 5 பங்கு மக்களுக்கு 2, 2, 1 எனப் பிரியும். முடிவில் 16, 16, 8.

எட்டுப் பங்கு யாருக்கு என்று மூத்தவர் கேட்டார். அப்போதுதான் அறையில் ஓர் அமைதி நிலவியது. கடல் கடந்த அண்ணனைப் பற்றியே நான்கு அமர்வும் பேசினோம். இரண்டு தெரு தள்ளி வாழ்ந்து மறைந்த தங்கையை, நாம் உட்பட, எவரும் நினைக்கவில்லை. அவருக்கு எந்தக் கடலும் குறுக்கே இல்லை.

மூத்தவர் தம் பெரியத்தா மகனுக்குக் கடிதம் எழுத இசைந்தார். இளையவர் இன்னும் கையொப்பமிடவில்லை. எழுதியவர் நாமே. மேலே 786. அண்ணன் அவர்களுக்கு ஸலாம் கூறி, 1953ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதாமல் விட்டவை இவை என்று தொடங்கி, வீட்டின் அளவு, காலி இடத்தின் சர்வே எண், பட்டா யார் பெயரில் உள்ளது, கட்டடம் எந்த ஆண்டில் யார் செலவில் எழுந்தது, மாத வாடகை எவ்வளவு, 40இல் அவர்கள் தந்தையாரின் பங்கு 16 என்பவற்றை வரிசையாக எழுதினோம். ஒரு படி பதிவுத் தபாலில் பினாங்குக்குச் சென்றது. மற்றொரு படியை நாமே எடுத்துச் சென்று, மறைந்த தங்கையின் மகளார் கையில் கொடுத்தோம். அவர்களுக்கு வயது எழுபதுக்கு மேல், பார்வை மங்கிவிட்டது. பேத்தியை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். தம் தாயாரின் பெயர் வந்த வரியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.